அமோனியா கசிவில் வால்வை மூடப் போகவில்லை. சார்ஜ் மெமோ வந்திருக்கிறது

கேள்வி: உர ஆலையில் ஆபரேட்டராக இருக்கிறேன். போன வாரம் இரவு ஷிஃப்டில் அமோனியா லைனில் கசிவு. சைரன் அடித்தது. வால்வை மூடிவிட்டு வரச் சொன்னார் ஷிஃப்ட் இன்சார்ஜ். கையில் கேனிஸ்டர் மாஸ்க் மட்டும்தான். சிலிண்டர் வைத்த சுவாசக் கருவி ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது. "இதைப் போட்டுக்கொண்டு போக முடியாது" என்று வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டு, அருகில் இருந்த இரண்டு காண்ட்ராக்ட் தொழிலாளர்களையும் கூட்டிக்கொண்டு அசெம்பிளி பாயின்ட்டுக்கு வந்துவிட்டேன். "உத்தரவை மீறி ஓடினார்" என்று சார்ஜ் மெமோவும் சஸ்பென்ஷனும் வந்திருக்கின்றன. வேலை போய்விடுமா?

பதில்: வாக்கி டாக்கியில் சொன்னீர்களே, அதுதான் உங்களுக்குப் பெரிய பலம். சொல்லாமல் நகர்ந்திருந்தால் நானே கொஞ்சம் யோசித்திருப்பேன்.

போபால் விபத்துக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41எச் பிரிவைச் சேர்த்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்திடமும், அதே சமயம் அரசின் தொழிற்சாலை ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம் என்றது அது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை இருக்கிறது. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: சட்டம் 'தெரிவிக்கலாம்' என்கிறதே தவிர, 'விலகிப் போகலாம்' என்று சொல்லவில்லை. நிர்வாகத்தின் வக்கீல் அங்கேதான் பிடிப்பார். நீங்கள் ஆய்வாளருக்கு இன்னும் எழுதவில்லை என்றால் இன்றே எழுதுங்கள்.

ஆனால் வழக்கின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. அபாயகர இரசாயனங்கள் குறித்த 1989 விதிகளின்படி, வேலை செய்பவர்களுக்குத் தகவல், பயிற்சி, கருவி மூன்றையும் தர வேண்டியது நிர்வாகம். விதிகளில் குறித்த அளவோ அதற்கு மேலோ அமோனியா வைத்திருக்கும் ஆலை, தளத்துக்கான அவசரகாலத் திட்டத்தை எழுதி வைத்து, 6 மாதத்துக்கு ஒரு மாக் டிரில், அதாவது ஒத்திகை, நடத்த வேண்டும். திட்டத்தில் தங்களுக்கு உரிய பகுதியைத் தளத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். காண்ட்ராக்ட் ஆட்களும் இதில் சேர்த்திதான். கசிவு நேரத்தில் வால்வுக்குப் போவது யார், என்ன மாட்டிக்கொண்டு போவது என்பதெல்லாம் அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டியவை. கேனிஸ்டர் காற்றை வடிகட்டும், அவ்வளவுதான், ஆக்ஸிஜன் தராது. அடர்ந்த அமோனியா மூட்டத்துக்குள் அதை நம்பிப் போகக் கூடாது.

அதனால் மெமோவுக்குப் பதில் எழுதும்போதே திட்டத்தின் நகல், கடைசி இரண்டு டிரில் அறிக்கைகள், ஸ்டோர் சாவிப் பதிவேடு, அன்றைய லாக் புத்தகம் ஆகியவற்றைக் கேளுங்கள். டிரில் பதிவேட்டை நிதானமாகப் புரட்டிப் பாருங்கள். நாற்பது பேர் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கையெழுத்தே அதில் இருக்கலாம், நீங்கள் போடாமலே!

அப்புறம் இன்னொரு பிடி. நச்சு வாயு வெளியேறி ஆலைக்குள் அவசரநிலை உண்டானாலே அந்த விதிகளில் அது 'பெரு விபத்து'. 48 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரிக்கு நிர்வாகம் அறிவித்திருக்க வேண்டும். அறிவித்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். "சின்னக் கசிவுதான், அறிவிக்கத் தேவையில்லை" என்றால், நீங்கள் போகாததால் ஆலைக்கே ஆபத்து என்ற குற்றச்சாட்டு ஆட்டம் காணும். "பெரிய கசிவு" என்றால், அந்த மாஸ்க்கோடு உங்களை உள்ளே அனுப்பியதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சஸ்பென்ஷன் காலத்துப் பிழைப்பூதியத்தை விட்டுவிடாதீர்கள். நிலையாணைகள் (வேலை நிபந்தனைகளைச் சொல்லும் ஆலை விதிகள்) பொருந்தும் ஆலையில் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம். உங்களால் அல்லாமல் விசாரணை இழுத்தால் அதன் பிறகு முக்கால்.

அந்த இரண்டு தொழிலாளர்களிடமும் நடந்ததை இப்போதே எழுதி வாங்குங்கள். காண்ட்ராக்ட் முடிந்து அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டால் தேடிப் பிடிப்பது கஷ்டம். பதிலில் வருத்தம், மன்னிப்பு என்று ஒரு வரியும் வேண்டாம். பதிலின் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.