வெள்ளிக்கிழமை விரதமும் ராத்திரிப் பணியாரமும்

போன இதழில் நெஞ்செரிச்சல் பற்றி எழுதும்போது, போகிற போக்கில், "வாரம் ஒருவேளை வயிற்றுக்கு லீவு விட்டால் தப்பில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். நெஞ்செரிச்சலைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை, வந்த கடிதமெல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். ஆகவே இந்த முறை விரதம் மட்டுமே.

டாக்டர் அண்ணனுக்கு வணக்கம். எனக்கு 46 வயது. கொப்புடையம்மனுக்கு வேண்டிக்கொண்டு பன்னிரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறேன். காலையில் காபி, மத்தியானம் ஒன்றும் கிடையாது, ராத்திரி பலகாரம் மட்டும். சிங்கப்பூரில் இருக்கும் என் கொழுந்தன் மகன், வாரம் ஒருநாள் பட்டினி கிடந்தால் உடம்பில் உள்ள கழிவெல்லாம் போய்விடும், எடை குறையும், ஆயுசு கூடும் என்று வீடியோவாக அனுப்புகிறான். எனக்கோ இத்தனை வருஷத்தில் ஆறு கிலோ கூடியிருக்கிறது. அவன் சொல்வது பொய்யா, என் விரதத்தில் கோளாறா?
— வாசகி, பள்ளத்தூர்

ஆச்சி, அம்மனுக்கு இருக்கிற விரதத்தில் கோளாறு சொல்ல நான் யார்? அந்த ராத்திரிப் பலகாரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விசாரிக்கிறேன். நம் ஊரில் "பலகாரம் மட்டும்" என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். பச்சரிசியும் உளுந்தும் ஆட்டி எண்ணெயில் ஊற்றி எடுத்த வெள்ளைப் பணியாரம் நாலு, அதற்குக் காரச் சட்னி, வெள்ளிக்கிழமையாச்சே என்று ஒரு கிண்ணம் பால் பணியாரம், "காலையிலிருந்து பட்டினி கிடக்கிறாளே" என்று யாராவது தட்டில் தள்ளிவிடும் மசாலைச் சீயம் இரண்டு. பலகாரம் என்ற சொல்லே பழ ஆகாரம் என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பழம் எப்போது எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்ததோ தெரியவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். நாம் சாப்பிட்டது தீர்ந்ததும் உடம்பு முதலில் கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கும். அது மொத்தமே நூறு கிராம் அளவுதான், பாதி நாளிலிருந்து ஒரு நாளைக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அது குறையக் குறையக் கொழுப்பு கரைவது கூடும். அந்தச் சர்க்கரை தண்ணீரோடு சேர்ந்தே சேமிக்கப்பட்டிருப்பதால் தண்ணீரும் கூடவே போகும், அதனால்தான் மறுநாள் காலை எடை மெஷின் ஒரு கிலோ குறைத்துக் காட்டி உங்களைச் சந்தோஷப்படுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை அது திரும்பி வந்துவிடும். உண்மையாகக் குறைவது எவ்வளவு? ஒரு கிலோ கொழுப்பு என்றால் ஏறக்குறைய 7,700 கலோரி. ஒரு நாள் முழுக்க எதுவுமே சாப்பிடாமல் இருந்தால் மிச்சமாவது 1,800 என்று வைத்துக்கொள்ளுங்கள், கால் கிலோகூட வரவில்லை. அதையும் ராத்திரிப் பணியாரமும் சனிக்கிழமைக் கூடுதல் சோறும் தின்றுவிட்டால் மீதி என்ன இருக்கும்? உங்கள் ஆறு கிலோவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் பொறுப்பில்லை, மற்ற ஆறு நாளுக்கும் பங்கு உண்டு, ஆனால் வெள்ளிக்கிழமை எதையும் குறைத்துக் கொடுக்கவில்லை.

உங்கள் கொழுந்தன் மகன் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. பட்டினி கிடக்கும்போது செல்கள் தங்களுக்குள் கிடக்கும் பழுதான பாகங்களைத் தாங்களே உடைத்துத் திரும்பப் பயன்படுத்திக்கொள்கின்றன. அது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது. வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடுவது, அவர் அதைக் கண்டுபிடித்தது ஈஸ்டில் என்பதை. ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஒற்றைச் செல் உயிரி அது. மனிதனுக்கு இத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தால் இவ்வளவு சுத்தமாகும் என்று அளந்து சொல்லும் நிலைக்கு மருத்துவம் இன்னும் வரவில்லை, ஆனால் "16 மணி நேரம்" என்று போனில் அடித்துச் சொல்கிறார்கள். கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும், வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திராமல், செய்துகொண்டுதான் இருக்கின்றன.

சிகாகோவில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள், 2017-ல் வெளியானது. பருமனான நூறு பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கால்வயிற்றுச் சாப்பாடு, இன்னொரு கூட்டத்துக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மூன்றாவது கூட்டம் வழக்கம்போல. வருஷக் கடைசியில் விரதக் கூட்டத்துக்கு எடை 6 சதவீதமும் தினமும் குறைத்துச் சாப்பிட்ட கூட்டத்துக்கு 5.3 சதவீதமும் குறைந்திருந்தது, இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. விரதக் கூட்டத்தில் பாதியில் விட்டுவிட்டுப் போனவர்கள்தான் அதிகம், 38 சதவீதம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மார்மன் மதத்துக்காரர்கள் மாதம் ஒருநாள் விரதம் இருப்பார்கள். அங்கே நடத்திய ஆராய்ச்சியில், விரதம் இருப்பவர்களுக்கு இதயக் குழாய் நோய் குறைவாகத் தெரிந்தது. ஆனால் அது விரதத்தாலா, விரதம் இருக்கும் அளவுக்குக் கட்டுப்பாடான ஆட்கள் என்பதாலா என்று அந்த மாதிரி ஆராய்ச்சியில் முழுசாகப் பிரிக்க முடியாது.

ஆகவே ஆச்சி, வெள்ளிக்கிழமையை விட வேண்டாம். ராத்திரிக்கு இரண்டு இட்லியோ ஒரு இடியாப்பமோ, கூட ஒரு பழம், பாசிப்பருப்பு வேகவைத்தது ஒரு கிண்ணம், இவ்வளவு போதும். ஜவ்வரிசியை விரத உணவு என்று நினைத்துப் பாயசம் வைத்துவிடாதீர்கள், அது மரவள்ளிக்கிழங்கு மாவு, வேறொன்றும் இல்லை. பணியாரம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடலாம், பேரன் பேத்தியோடு, இரண்டு.

எனக்கு 61 வயது. எட்டு வருஷமாகச் சர்க்கரை. காலையில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை. குன்றக்குடிக்கு மாதக் கார்த்திகை தவறாமல் போகிறவன். இப்போது வாரச் செவ்வாயும் விரதம் இருக்க ஆசை. இரண்டு வாரம் முன்னால் மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு படியேறினேன், பாதியில் கை நடுங்கி வேர்த்துக் கொட்டியது. யாரோ சர்பத் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. தொடரலாமா?
— வாசகர், கானாடுகாத்தான்

அந்தச் சர்பத் கொடுத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள் ஐயா. உங்களுக்கு வந்தது தாழ்சர்க்கரை, ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடுவது. கோயிலில் வைத்து வேர்த்து நடுங்கினால் அருள் வந்துவிட்டது என்று நாலு பேர் விபூதி பூசிவிட்டு நிற்பார்கள், அதுதான் எனக்குப் பயம்.

நீங்கள் சாப்பிடும் மாத்திரையில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். மெட்ஃபார்மின் சாது, தனியாக இருந்தால் சர்க்கரையைப் பெரும்பாலும் அபாயத்துக்கு இறக்காது. கிளிமிபிரைடு அப்படியில்லை, கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. கிளிபென்கிளமைடும் இதே ஜாதி. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து. இன்னொரு வகை இருக்கிறது, டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் என்று, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது. அதைச் சாப்பிட்டுக்கொண்டு நீண்ட பட்டினி கிடந்தால் சிலருக்கு ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் என்று வரும், பித்தம் என்று நினைத்து வீட்டிலேயே இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டு இருந்தால் ஆளே போய்விடலாம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கவும் வேண்டாம். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய், செவ்வாய்க்கிழமை எனக்கு விரதம், அன்றைக்கு எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று கேளுங்கள். ரம்ஜான் மாதத்துக்கு மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றிக் கொடுப்பது எங்களுக்குப் பழக்கமான வேலைதான், முருகனுக்கும் மாற்றிக் கொடுப்போம், கேட்டால். அதுவரைக்கும் செவ்வாய்க்கிழமை விரதத்தை உப்பில்லாமலோ ஒரு காய் விலக்கியோ வைத்துக்கொள்ளுங்கள், நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு.

சட்டைப் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ எப்போதும் இருக்கட்டும். மெஷினில் 70-க்குக் கீழே காட்டினால், அல்லது மெஷின் இல்லாமல் நடுங்கினாலே, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு உட்காருங்கள், பதினைந்து நிமிஷம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. அன்றைக்கு விரதம் முடிந்தது, சாப்பிட்டுவிட வேண்டியதுதான். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபுரலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் வேர்வை மட்டும் வரும், அதையும் அலட்சியம் செய்யக்கூடாது.

ஜிம்முக்குப் போகிறேன் சார். வாரம் ஒருநாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் 24 மணி நேரம் இருந்தால் உடம்பு முறுக்கேறும் என்று ஃபிரண்ட் சொல்கிறான்.
— கல்லூரி மாணவர், காரைக்குடி

முறுக்கு ஏறாது தம்பி, சிறுநீரகத்தில் கல் ஏறும். சித்திரை வெயிலில் காரைக்குடியில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது விரதமே இல்லை. தண்ணீர், மோர், இளநீர் தாராளமாகக் குடி. அன்றைக்குக் கனமான எடை தூக்காதே.

என் மகளுக்குப் பதினாறு வயது. சனிக்கிழமை விரதம் என்று ஆரம்பித்தாள், நாங்களும் பக்தி என்று சந்தோஷப்பட்டோம். இப்போது செவ்வாய், வியாழனும் சாப்பிடுவதில்லை. மெலிந்துவிட்டாள், இரண்டு மாதமாகத் தூரமும் ஆகவில்லை. அவள் அப்பா, இந்த வயதில் இதெல்லாம் சகஜம் என்கிறார்.
— ஒரு தாய், தேவகோட்டை

சகஜம் இல்லை தாயி. அவள் சாமிக்காகத்தான் இருக்கிறாளா என்று எனக்குச் சந்தேகம். வளர்கிற பிள்ளைகளுக்கு முழு நாள் பட்டினியே தேவையில்லை. இவள் விஷயத்தில் மாதவிலக்கும் நின்றிருக்கிறது, உடம்பு தாங்கவில்லை என்று சொல்கிற அடையாளம் அது. தட்டுக்கு முன்னால் உட்கார வைத்துத் திட்டாதீர்கள், "எலும்பும் தோலுமாகிவிட்டாய்" என்று உறவுக்காரர்கள் சொல்வதையும் நிறுத்தச் சொல்லுங்கள். இந்த வாரமே ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அவர் மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னால் தயங்காமல் போங்கள். பட்டினி ஒரு பிடிவாதமாக, விட முடியாத பழக்கமாக ஆகிவிடுகிற நோய் உண்டு, ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் மீட்டுவிடலாம். அவள் அப்பாவுக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், ஏற்கெனவே மெலிந்திருக்கும் வயதானவர்கள், இவர்களுக்கும் முழு நாள் விரதம் வேண்டாம். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்களுக்குப் பட்டினியில் அது இன்னும் ஏறும்.

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் விரதம் இருப்பதுண்டா?
— வாசகர், புதுவயல்

திங்கட்கிழமை ராத்திரி மட்டும். அதுவும் பக்தியில்லை, பரம்பரை. 1965-ல் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒருவேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார், பல ஊர்களில் திங்கள் ராத்திரி ஹோட்டல்களே மூடிக் கிடந்தன. எங்கள் அப்பச்சி அன்றைக்கு விட்டவர், தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் கடைசி வரைக்கும் சேர்க்கவே இல்லை. நான் அவரைப் பார்த்துப் பழகினேன். ஒருமுறை வீராப்பாக முழு நாளும் இருந்து பார்த்தேன், காபியையும் விட்டதில் மத்தியானத்துக்குள் மண்டை பிளந்து, கிளினிக்கில் ஒரு நோயாளியிடம் எரிந்து விழுந்துவிட்டேன், அதோடு அந்த ஆசை போயிற்று.

அப்பச்சி கடைசி வரைக்கும் மெலியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை மட்டும் சாயங்காலம் ஐந்தரைக்கே ஆத்தா வீட்டுப் பட்டாலைக் கூடத்துக்கு ஒரு தட்டு நிறையப் பலகாரம் அனுப்பிவிடுவார்கள்.