பனி பெய்தால் வெளியே கிளம்புங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. பிப்ரவரியில் நியூயார்க்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். குவீன்ஸ் வட்டாரத்தில் இருக்கிறாள். பேத்திக்கு 7 வயது. பனி கொட்டினால் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருங்கள், வழுக்கி விழுந்தால் வம்பு என்று இங்கே எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். எனக்கு 62 வயது, முழங்கால் வலி உண்டு. ஆனாலும் பனியில் நடக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. என்ன சொல்கிறீர்கள்?
– ஈசூன் வாசகி

பதில்: அவசியம் நடங்கள் அம்மா. அந்த ஊரில் என் அண்ணன் குடும்பத்தோடு தங்கியிருந்தபோது பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: பெரிய நகரத்தில் பனியின் அழகு முதல் சில மணி நேரம்தான். இரவில் பெய்து நின்றிருந்தால் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். புதுப் பனிக்குள் காற்று நிறைய இருப்பதால் அது சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். எப்போதும் சைரனும் ஹாரனுமாக இருக்கும் தெருவில் உங்கள் பூட்ஸின் நறநற ஓசைகூடத் தெளிவாகக் கேட்கும். அப்புறம் உப்பைத் தூவி, வண்டிகள் ஓடி, எல்லாம் கறுப்புச் சகதியாகிவிடும்.

பெய்துகொண்டிருக்கும்போது பேத்தியின் கறுப்புக் கம்பளிக் கையுறையை நீட்டச் சொல்லுங்கள். விழுகிற துகளை மூச்சுக்காற்று படாமல் குனிந்து பார்த்தால் ஆறு கைகளும், ஒவ்வொரு கையிலும் சின்னக் கிளைகளும் தெரியும். ஒட்டிக்கொண்டு விழுகிறவற்றை விட்டுவிட்டுத் தனியாக விழுவதைத் தேடுங்கள். அவள் பனிப்பொம்மை செய்யக் கேட்டால், பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய ஈரப் பனிதான் உருண்டை பிடிக்க வரும். கடுங்குளிரில் விழுகிற உலர்ந்த பனி கையில் மாவாக உதிர்ந்துவிடும்.

முழங்காலுக்கு வருவோம். நடைபாதைப் பனியை அந்தந்தக் கட்டட உரிமையாளரே அகற்ற வேண்டும் என்பது அங்கே சட்டம். பகலில் பனி நின்றால் 4 மணி நேரத்துக்குள் வழி விட வேண்டும். ஆகவே நடைபாதையைவிடத் தெருமுனையில்தான் கவனம் தேவை. கெட்டியாகத் தெரிகிற சாம்பல் நிறப் பனிக்கடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். நீர் புகாத பூட்ஸ் வாங்குங்கள். பூட்ஸுக்கு மேல் மாட்டுகிற, அடியில் குட்டி ஆணிகள் வைத்த ரப்பர் பட்டையும் கிடைக்கும். கையைப் பாக்கெட்டில் விடாமல், பாதம் முழுக்கப் பதிய, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். ரயிலிலும் கடையிலும் வெப்பம் புழுங்கும்; ஒரே தடிக் கோட்டை நம்பாமல் கழற்றி மாட்ட வசதியாக இரண்டு மூன்று அடுக்காக உடுத்துங்கள்.

ஒரு நாள் சென்ட்ரல் பார்க்குக்குப் போங்கள். 2016 ஜனவரியில் ஒரே புயலில் 27.5 அங்குலப் பனி பதிவானது அங்கேதான். சீடர் ஹில் என்ற சரிவில் பிள்ளைகள் பனிச்சறுக்குப் பலகையில் வழுக்கி விளையாடுவார்கள். பேத்தியை அவளுடைய அம்மாவோடு அனுப்பிவிட்டு நீங்கள் மேலே நின்று பாருங்கள். கை விறைத்தால் பக்கத்திலேயே மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம். உள்ளே நம் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. வெளியே வெண்பனி, உள்ளே பார்வதி. எனக்கு அந்த ஊரிலேயே மிகப் பிடித்த இடம் அதுதான்.

இன்னொரு நாளுக்கு 7ஆம் எண் ரயில். குவீன்ஸில் அது பெரும்பாலும் நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் போலத் தெருவுக்கு மேலேயே ஓடுவதால் வெள்ளை போர்த்திய கூரைகள் வரிசையாகத் தெரியும். பனி மிக அதிகமானால் மேலே ஓடுகிற பாதையை நிறுத்திவிடுவார்கள், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நிலையமான ஃப்ளஷிங்கில் இறங்கி, பௌன் தெருவில் 1977இல் குடமுழுக்குக் கண்ட கணபதி கோயிலுக்குப் போகலாம். கீழ்த்தளக் கேன்டீனில் சுடச்சுட தோசை கிடைக்கும். அன்றைக்குப் பையில் இன்னொரு ஜோடி கம்பளிக் காலுறை வையுங்கள். கோயில் வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதுதான் உள்ளே ஈரம் புகுந்திருப்பதே தெரியும்.