லாவெண்டர் எண்ணெய்: சொட்டுக் கணக்கும் சில சந்தேகங்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் லாவெண்டர் எண்ணெயைப் பற்றியவை. மணம் மென்மையாக இருப்பதால் எண்ணெயும் சாது என்று பலருக்கும் ஒரு நினைப்பு. நூறு கிலோ பூவை ஆவியில் வடித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ எண்ணெய்தான் தேறும். உங்கள் கையில் இருக்கும் சின்னப் புட்டிக்குள் எவ்வளவு பூ அடைந்து கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: மற்ற நறுமண எண்ணெய்களைத் தேங்காய் எண்ணெய் போன்ற ஒன்றில் கலந்துதான் தடவ வேண்டும், லாவெண்டரை மட்டும் அப்படியே தடவலாம் என்கிறார்களே?

இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே-மோரிஸ் கட்ஃபோஸே 1910இல் ஆய்வக விபத்தில் கையைச் சுட்டுக்கொண்டார், பக்கத்தில் இருந்த லாவெண்டர் தொட்டிக்குள் கையை விட்டார், புண் ஆறிவிட்டது. இப்படித்தான் சொல்வார்கள். அவரே எழுதி வைத்தது வேறு. தீப்புண்ணில் அழுகல் தொற்று பிடித்த பிறகு, அதை லாவெண்டர் எண்ணெயால் கழுவியதாகத்தான் குறிப்பிடுகிறார். 1937இல் தன் புத்தகத்தின் தலைப்பில் ‘அரோமாதெரபி’ (நறுமண எண்ணெய்ச் சிகிச்சை) என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. தொட்டிக் கதை பின்னால் முளைத்தது. ‘அப்படியே தடவலாம்’ என்ற தைரியமும் அதோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது.

நேரடியாகத் தடவியும் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பீர்கள். ஒவ்வாமை முதல் நாளே வருவதில்லை. தோல் பல முறை பொறுத்துக்கொண்டு, ஒரு நாள் திடீரென்று சிவந்து அரிக்கத் தொடங்கும். ஒரு முறை வந்தால் பெரும்பாலும் கடைசிவரை கூடவே இருக்கும். லாவெண்டரில் உள்ள லினலூல் என்ற பொருள் சோப்பு, ஷாம்பூ, சென்ட் எல்லாவற்றிலும் இருப்பதால், அப்புறம் எதை வாங்கினாலும் லேபிளைப் படிக்க வேண்டியதுதான்.

கணக்கு இவ்வளவுதான். இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லி தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய் அல்லது ஜோஜோபா எண்ணெயில் 2 சொட்டு விட்டால் ஏறக்குறைய 1 சதவீதம். முகத்துக்கும் மென்மையான தோலுக்கும் அது போதும். கை, கால், முதுகு என்றால் 4 சொட்டுவரை போகலாம். ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்துப் போட்ட கணக்கு இது. சொட்டின் பருமன் புட்டிக்குப் புட்டி மாறும். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டைக் குறையுங்கள், கூட்டாதீர்கள். கலந்ததை முழங்கையின் உள்பக்கம் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

தீக்காயத்துக்கு முதலில் குழாய்த் தண்ணீர். 20 நிமிடம் ஓடும் நீரில் காட்டுங்கள். அந்த நேரத்தில் எந்த எண்ணெயும் வேண்டாம்.

கேள்வி: தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கறுக்குமா?

எலுமிச்சை வகைத் தோலைப் பிழிந்தெடுக்கும் சில எண்ணெய்களுக்கு அந்தக் குணம் உண்டு. லாவெண்டருக்கு இல்லை.

கேள்வி: மூன்று வருடப் பழைய புட்டி. மணம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். போன வாரம் தடவியதும் கழுத்து சிவந்துவிட்டது. முன்பு இப்படி ஆனதே இல்லை.

உங்கள் எண்ணெய் மாறிவிட்டது. லாவெண்டரில் பாதிக்கு மேல் இருப்பவை லினலூல், லினாலைல் அசிட்டேட் என்ற இரண்டு பொருள்கள். புத்தம் புதிதாக இருக்கும்போது இவை தோலைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. காற்று பட்டுப் பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறும்போதுதான் வம்பு. தோலைக் கிளறிவிடுபவை அவைதான். மூக்குக்கு அது அவ்வளவாகத் தெரியாது.

ஆகவே திறந்த தேதியைப் புட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள். இரண்டு வருடம் தாண்டியதைத் தோலுக்கு எடுக்காதீர்கள். அடர் நிறக் கண்ணாடிப் புட்டி, இறுக்கமான மூடி, இருட்டு, குளிர்ச்சி. ஃப்ரிட்ஜ் இன்னும் நல்லது. பெரிய புட்டியில் பாதி காலியானால் மீதியைச் சிறிய புட்டிக்கு மாற்றிவிடுங்கள். மேலே நிற்கும் காற்றுதான் எதிரி.

ரப்பர் குமிழ் வைத்த சொட்டுக்குழாயோடு சேர்த்து மூடி வைக்காதீர்கள். நான் ஒரு முறை அப்படி வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறந்தேன். குமிழ் ஊதிப்போய், தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது; கரைந்த ரப்பர் எண்ணெய்க்குள் இறங்கியிருந்தது. அதே புட்டி நின்ற இடத்தில் மேசை வார்னிஷில் விழுந்த வெள்ளை வட்டம் இன்னும் இருக்கிறது. சாது எண்ணெய்!

கேள்வி: தூக்கம் வர எத்தனை சொட்டு? தலையணையில் விடலாமா?

மணத்தைக் காற்றில் தூவும் டிஃப்யூசர் கருவியில் 100 மில்லி தண்ணீருக்கு 3 முதல் 5 சொட்டு, அரை மணி நேரம், அறைக் கதவு சற்றுத் திறந்திருக்கட்டும். இரவு முழுவதும் ஓட விடுவதில் பயன் இல்லை. சிறிது நேரத்தில் மூக்கு மணத்துக்குப் பழகிவிடும், தலைவலி மட்டும் மிஞ்சும். தலையணையில் நேரடியாக விட்டால் முகமும் கண்ணும் அதன்மேல் படும். கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டுப் படுக்கையை விட்டுச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

பலருக்கு இதனால் மனம் தளர்ந்து, படுத்தவுடன் கண் சொருகுவது உண்மை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதை மருந்தாக நம்பி இருக்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். சிலருக்கு எந்த வாசனையும் இழுப்பைக் கொண்டுவந்துவிடும்.

கேள்வி: தேநீரில் ஒரு சொட்டு விட்டுக் குடிக்கலாமா? ஜெர்மனியில் மாத்திரையாகவே விற்கிறார்களாமே?

விற்கிறார்கள். 80 மில்லிகிராம் லாவெண்டர் எண்ணெய் அடைத்த கேப்சூல், பதற்றத்துக்கான மருந்தாக அங்கே அனுமதி பெற்றது. சாப்பிட்டவர்களுக்கு ஏப்பத்திலேயே லாவெண்டர் மணக்கும், அது தனி வேடிக்கை. அளவும் தரமும் கட்டுப்படுத்தி, பரிசோதனைகள் நடத்தித் தயாரித்தது அது. உங்கள் அலமாரிப் புட்டிக்கு அந்தச் சான்று பொருந்தாது. தண்ணீரில் கரையாததால் தேநீரின் மேலே மிதந்து, முதல் மிடறிலேயே மொத்தமும் உதட்டிலும் தொண்டையிலும் போய் ஒட்டும். மணம்தான் வேண்டும் என்றால் சமையலுக்கென்று விற்கும் உலர்ந்த பூவைக் கொதிநீரில் போடுங்கள்.

கேள்வி: அதே காரணத்தால் குளியல் தொட்டியிலும் விடக்கூடாதா?

நேரடியாக விடக்கூடாது. மிதக்கும் எண்ணெய் நேராக வந்து தோலில் படியும், மென்மையான இடங்களில் எரியும். பால், உப்பு இவற்றில் கலந்தாலும் சரியாகக் கரைவதில்லை. மணமில்லாத குளியல் ஜெல் ஒரு கரண்டியில் 4 சொட்டைக் கலக்கி ஊற்றுங்கள்.

கேள்வி: குழந்தை புட்டியைத் திறந்து வாயில் வைத்துவிட்டது. என்ன செய்வது?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இதுதான் முதல் விஷயம். எண்ணெய் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் இறங்கினால் வயிற்றில் இருந்ததைவிடப் பெரிய ஆபத்து. வாயைத் துடைத்துவிட்டு, உடனே நச்சு உதவி மையத்தையோ மருத்துவரையோ அழையுங்கள். போகும்போது புட்டியையும் எடுத்துப் போங்கள். இருமல், மூச்சுத்திணறல், தள்ளாட்டம், அளவுக்கு மீறிய தூக்கம் எதுவானாலும் நேரே அவசர சிகிச்சைக்கு. கண்ணில் பட்டால் 15 நிமிடம் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள்.

கேள்வி: இந்த எண்ணெய் சிறுவர்களுக்கு மார்பு வளரச் செய்யும் என்கிறார்கள்.

2007இல் மூன்று சிறுவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கட்டுரையில் தொடங்கியது இது. லாவெண்டர் அல்லது தேயிலை மர எண்ணெய் கலந்த பொருள்களை நிறுத்தியதும் மார்பு வீக்கம் வடிந்தது. ஆய்வகச் செல்களிலும் இந்த எண்ணெய்கள் லேசான ஹார்மோன் தன்மையைக் காட்டின. ஆனால் அவைதான் காரணம் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. பீதி வேண்டாம். சின்னப் பையனுக்குத் தினமும் தடவ வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: அசல் எண்ணெயை வீட்டில் கண்டுபிடிக்க வழி உண்டா?

வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். எண்ணெய்க் கறை அப்படியே நின்றால் சமையல் எண்ணெய் போன்ற ஏதோ கலந்திருக்கிறது. ஆனால் செயற்கை லினலூல் கலந்திருந்தால் அதுவும் ஆவியாகிவிடும். அதை ஆய்வகத்தில்தான் பிடிக்க முடியும். லேபிளில் தாவரப் பெயரைப் பாருங்கள். லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்றால் நிஜ லாவெண்டர். இன்டர்மீடியா என்றால் லாவண்டின் என்னும் கலப்பினம். கற்பூர வாடை தூக்கலாக இருக்கும், விலை குறைவு, துணி அலமாரிக்கு அருமை. ‘40/42’ என்று போட்டிருந்தால் மணம் ஒரே சீராக இருக்கக் கலந்து சரிசெய்தது. அது சோப்புக் காய்ச்சுபவர்களுக்கு உதவும்.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது. டிஃப்யூசர் ஓட்டலாமா?

ஓட்டாமல் இருப்பதே நல்லது. இந்தப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. டிஃப்யூசர் தூவும் நுண்துளிகள் ரோமத்தில் படியும், பூனை நக்கியே உள்ளே தள்ளிவிடும். எச்சில் ஒழுகினாலோ நடை தள்ளாடினாலோ கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: மசாஜ் செய்த துண்டுகளை ட்ரையரில் போடலாமா?

லாவெண்டரைவிட அதில் ஊறியிருக்கும் தாவர எண்ணெய்தான் கவலை. எண்ணெய் முழுதாகப் போகாமல் சூடான ட்ரையரில் காய்ந்து, அந்தச் சூட்டோடு மடித்து அடுக்கிய துண்டுகள் உள்ளுக்குள் மேலும் சூடேறித் தாமாகவே தீப்பிடித்திருக்கின்றன. வெந்நீரில் சோப்புத்தூள் கூட்டிப் போட்டு இரண்டு முறை துவையுங்கள். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.