சுண்ணாம்புக்குள் அடைபட்ட கந்தகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடற்புல் படுகைச் சேற்றில் வாழும் லூசினிட் மட்டிகள் செவுளில் பாக்டீரியாவைக் குடிவைத்து, அவை கந்தகத்திலிருந்து ஆக்கும் உணவில் பிழைப்பதாக எழுதியிருந்தீர்கள். சதை அழுகிப்போன வெற்று ஓட்டிலும் புதைபடிவத்திலும் அதைக் கண்டுபிடிக்க முடியுமா? ஓட்டுச் சுண்ணாம்பின் கார்பன் ஐசோடோப்பை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதத்தை) அளந்தால் போதாதா?

செல்வி

அன்புள்ள செல்வி,

போதாது. பலரும் வழுக்கி விழும் இடம் அதுதான். சுண்ணாம்பின் கார்பனில் பெரும்பங்கு கடல்நீரில் கரைந்திருப்பது. மட்டியின் உடலிலிருந்து சேர்வது பொதுவாகப் பத்தில் ஒரு பங்குதான். சதையின் கார்பன்-13 அளவு (ஒரு பொதுத் தரத்தைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு கூட அல்லது குறைவு என்ற கணக்கு) −30 ஆக இருந்தாலும் ஓட்டில் தெரிவது சுமார் 3 அளவு இறக்கம். ஆற்றுநீர் கலந்தாலே அந்த இறக்கம் வந்துவிடும்.

பார்க்க வேண்டியது, படிகங்களுக்கு நடுவே அடைபட்டிருக்கும் புரதத்தை. அது மட்டிக்குக் கிடைத்த உணவிலிருந்தே உருவானது. மிதவைப்பாசி தின்னும் மட்டியில் கார்பன் −16 முதல் −22 வரை இருக்கும். லூசினிட் வகையிலும், அதே போல் பாக்டீரியாவைக் குடிவைக்கும் சோலிமியா மட்டியிலும் −25க்குக் கீழே இறங்கும். சோலிமியாவில் −34ஐயும் தொடும். நைட்ரஜன்-15 தாழ்ந்திருக்கும், சில சமயம் பூஜ்யத்துக்கும் கீழே. ஆனால் மூன்றில் நான் அதிகம் நம்புவது கந்தகம்-34ஐ. கடல்நீர் சல்பேட் +21. சாதாரண மட்டி அதை ஒட்டி, பெரும்பாலும் +15க்கு மேல் நிற்கும். கந்தகம்-34 குறைவான சேற்றுச் சல்பைடு பாக்டீரியா வழியாகச் சதைக்குள் போனால் +5க்குக் கீழே விழும், −20க்கும் கீழே கூடப் போகும்.

புரதத்தைப் பிரிக்க, முதலில் ஓட்டின் வெளித்தோலைச் சுரண்டி எடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஊறவைத்து, நன்றாகக் கழுவி, உலர்த்திப் பொடிக்க வேண்டும். 10 கிராம் பொடி கரைய 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 200 மில்லி பிடிக்கும். 2 லிட்டருக்கு மேல் வாயு கிளம்பும். மொத்தமாக ஊற்றினால் நுரை பொங்கி, புரதமும் அதோடு வழிந்துவிடும். பனிக்கட்டி மேல் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கரையாமல் நிற்கும் துணுக்குகளை மட்டும் வடிகட்டி எடுத்தால், அமிலத்தில் கரைந்த புரதம் கைவிட்டுப் போகும். ஆகவே முழுக் கரைசலையும் டயாலிசிஸ் குழாயில் (புரதத்தை நிறுத்தி, உப்பையும் அமிலத்தையும் வெளியே விடும் சவ்வுக் குழாய்) கட்டி, தண்ணீரை மாற்றி மாற்றிச் சில நாட்கள் வைத்து, பிறகு உறையவைத்து உலர்த்த வேண்டும். சுண்ணாம்போடு ஒட்டி வந்த கடல்நீர் சல்பேட்டும் இந்தக் கழுவலில்தான் வெளியேறும். கழுவல் குறைந்தால் கந்தக அளவு மேலே ஏறி, பாக்டீரியாவே இல்லாதது போல் காட்டும்.

அமிலத்துக்குப் பதில், கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்பைக் கரைக்கும் ஈடிடிஏ போட்டால் புரதத்துக்குச் சேதம் குறைவு. ஆனால் அந்த மூலக்கூறிலேயே கார்பனும் நைட்ரஜனும் உண்டு. மிச்சம் தங்கினால் இரண்டு அளவும் கெடும். சுண்ணாம்பு மிச்சமிருந்தாலும் அப்படித்தான்: மாதிரியின் கார்பனில் பத்தில் ஒரு பங்கு பூஜ்ய அளவுள்ள சுண்ணாம்பாக இருந்தால் −30 என்பது −27 ஆகிவிடும். அமிலம் பட்ட மாதிரி, அளவிடுவதற்காக மடித்து வைக்கும் மெல்லிய தகரக் குப்பியை அரிக்கும். வெள்ளிக் குப்பியில் மடியுங்கள்.

புதைபடிவத்தில், லூசினிட் ஓட்டின் அரகோனைட் (சுண்ணாம்பின் ஒரு படிக வடிவம்; நாளடைவில் கால்சைட் என்ற வேறு வடிவமாக மாறலாம்) அப்படியே இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இரண்டையும் பிரித்துக் காட்டும் ஃபைகல் சாயக் கரைசலில் அரகோனைட் கறுக்கும், கால்சைட் நிறம் மாறாது. கால்சைட்டாகிவிட்ட ஓட்டில் பழைய புரதத்தை நம்ப முடியாது. ஸ்வீடனின் கோட்லாந்தில் கிடைத்த, 40 கோடி ஆண்டுக்கும் பழைய இலியோனியா என்ற மட்டியை இந்தக் கூட்டுவாழ்வோடு சேர்ப்பதும் ஓட்டின் வடிவத்தையும் புதைந்து கிடந்த நிலையையும் பார்த்துத்தான்.

அடுத்த ஆபத்து பைரைட் என்ற இரும்புச் சல்பைடு கனிமம். லூசினிட் வாழும் அதே கரிய சேற்றில்தான் அதுவும் விளைகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையாமல் புரதத்தோடு தங்கிவிடும். அதன் கந்தகமும் எதிர்மறைதான். பாக்டீரியாவின் தடயம் என்று நினைத்து நாம் பைரைட்டை அளந்துகொண்டிருப்போம். எஞ்சிய பொருளை உருப்பெருக்கியில் பாருங்கள், பொன்னிற மணிகள் மினுங்கும். கார்பனோடு ஒப்பிடக் கந்தகம் புரதத்தில் இருக்கக்கூடியதை விட அதிகமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அதே அடுக்கிலிருந்து, நீரை வடிகட்டி உண்ணும் வேறொரு சிப்பியையும் எடுத்து, ஒரே நாளில் ஒரே முறையில் அளந்துவிடுங்கள். இரண்டிலும் கந்தகம் ஒரே அளவில் இறங்கியிருந்தால், நீங்கள் அளந்தது சேற்றை.