டூரிங் பைக்குக்குப் புது டயர்: எதைப் பார்த்து வாங்குவது? வீல் பேலன்சிங் தேவையா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. டூரிங் பைக்குக்கு டயர் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. பேலன்சிங், அதாவது சக்கரத்தைச் சுற்றிலும் கனம் சமமாக இருக்கும்படி ரிம்மில் சின்ன எடைத் துண்டுகளை ஒட்டுவது, பைக்குக்கும் தேவையா, அது காருக்கு மட்டும்தானா என்பது இன்னொன்று. இரண்டாவதைப் படித்த பிறகு என்னால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை. "பைக்குக்கெல்லாம் பேலன்சிங் வேண்டாம் சார்" என்று ஒருவர் சொன்னதை நம்பி இரண்டு மாதம் அலைந்தவன் நான்.

நான் மெக்கானிக் இல்லை. வண்டியில் நீண்ட தூரம் போகிறவன், அவ்வளவுதான். பாதிப் பயணங்களில் பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பெட்டி. "நான் இருபது வருஷமா பேலன்ஸ் பண்ணாமத்தான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல" என்று கீழே யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். சின்ன வண்டி, ஒல்லியான சக்கரம், வேகம் ஐம்பது அறுபதைத் தாண்டாது என்றால் அவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். நீங்கள் டூரிங் என்று எழுதியிருப்பதால், வண்டி 200 கிலோவுக்கு மேல், அடிக்கடி இருவர், மணிக்கணக்கில் நேர்ச்சாலை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் வண்டிக்கு முன்னால் 120/70, பின்னால் 180/55 (முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்; அடுத்தது பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்று), இரண்டும் 17 இஞ்ச் ரிம். பழைய டயர் நடுவில் சப்பையாகத் தேய்ந்திருந்தது. ஜோடியாகப் புது டயர் வாங்கி, வாங்கிய இடத்திலேயே மாட்டினேன். பேலன்சிங் பற்றிக் கேட்டேன். "புது டயர்லாம் ஃபேக்டரியிலயே சரி பண்ணித்தான் வருது சார். ஒரு 500 கிலோமீட்டர் ஓடுச்சுன்னா தானா செட் ஆயிடும்" என்றார்கள். அந்த ஊழியர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஆனால் தானாகச் செட் ஆவது என்று ஒன்று இல்லை. சக்கரத்தில் ஒரு பக்கம் கனம் கூடுதலாக இருந்தால் 500 கிலோமீட்டர் கழித்தும் அது அங்கேயேதான் இருக்கும்.

முதல் சில நாள் சுகமாக இருந்தது. புது டயர் போட்டதும் வண்டியே புதுசானது போலத் தோன்றும். அந்தச் சந்தோஷத்தில் பாதி, தேய்ந்துபோன பழைய டயரோடு ஒப்பிடுவதால் வருவது. முதல் நீண்ட பயணத்தில், வேகம் 90ஐத் தாண்டியதும் ஹேண்டில்பாரில் ஒரு நடுக்கம். மெல்லிசான, விடாத நடுக்கம். மனைவிதான் முதலில் வாய்விட்டுச் சொன்னாள்: "என்னங்க, இந்தக் கண்ணாடி ஏன் இப்படி ஆடுது? பின்னாடி வர்றது லாரியா பஸ்ஸான்னுகூடத் தெரியலையே." இரண்டு மணி நேரம் கழித்து இறங்கியபோது வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப் போயிருந்தன. ஹெல்மெட் வார்ப் பூட்டைக் கழற்றவே சிரமப்பட்டேன்.

புது டயர் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதானே வண்டியிலேயே புதுசு! கோன்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்) தேய்ந்திருக்கும் என்று மாற்றினோம். பிறகு முன்பக்க ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் ஃபோர்க் ஆயில். ஹேண்டில்பார் முனைகளில் கனமான எடைகூட மாட்டிப் பார்த்தேன். எதற்கும் நடுக்கம் அசையவில்லை. கடைசியில் என்னைவிட மூத்த நண்பர் ஒருவர், "எந்த ஸ்பீடுல வருது? கியர் மாத்துனா, கிளட்ச் பிடிச்சா மாறுதா?" என்று கேட்டார். மாறவில்லை, வண்டியின் வேகத்தை மட்டும் பொறுத்தது என்றேன். "அப்ப இன்ஜின் இல்ல தம்பி, வீலு. கழட்டி எடுத்துட்டு வாங்க" என்றார்.

கழட்டுவது என்றதும் இன்னொரு எரிச்சலைக் கொட்டியாக வேண்டும். டூரிங் என்று சொல்லி விற்கிற வண்டிகளில் சென்டர் ஸ்டாண்ட் எங்கே போனது? இருபது லிட்டர் டேங்க் தருகிறார்கள், பெட்டி மாட்ட இடம் தருகிறார்கள், கலர் திரை தருகிறார்கள். சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினுக்கு எண்ணெய் விட வேண்டும், வழியில் பஞ்சர் பார்க்க வேண்டும். இதெல்லாம் பக்க ஸ்டாண்டில் சாய்த்து வைத்த வண்டியில் எப்படி நடக்கும்? சுமை ஏற்றிய வண்டியைத் தனி ஆளாக முன்னும் பின்னும் உருட்டி உருட்டிச் செயினுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். எடை குறைகிறதாம். பயணம் போகிறவன் யாரும் அந்த எடையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நண்பரிடம் பேலன்சிங் ஸ்டாண்ட் இருந்தது. பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. இரண்டு தாங்கிகள், அவற்றின் மேல் வழுக்கிச் சுழலும் நல்ல பேரிங்குகள், நடுவில் ஒரு மெல்லிய தண்டு, தண்டை சக்கரத்தின் நடுவில் இறுக்க இரண்டு கூம்புகள். சக்கரத்தின் நடுவில் செல்லும் வண்டியின் ஆக்ஸிலையே இரண்டு முக்காலி மேல் வைத்தால் போதாதா என்று கேட்டேன். சக்கரத்தின் பேரிங்கில் தூசி புகாமல் இருக்கும் ரப்பர் சீல் உராயும், அந்த உராய்வில் சக்கரம் உண்மையான இடத்துக்கு வருமுன்னே நின்றுவிடும் என்றார்.

முன்சக்கரத்தை லேசாகத் தட்டிவிட்டார். மெதுவாகச் சுற்றியது, தயங்கியது, பின்னோக்கி வந்தது, ஊஞ்சல் போல இப்படியும் அப்படியும் ஆடி நின்றது. அடியில் வந்து நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. திரும்பத் தட்டினார். வேறு இடத்திலிருந்து கிளம்பியும் அதே கோடு கீழே வந்து நின்றது. மூன்றாவது முறையும் அதே. கனமான பக்கம் அதுதான். அதற்கு நேர் எதிரே, மேலே, 5 கிராம் துண்டுகளை காகித டேப்பால் ஒட்டிக்கொண்டே போனார். ஏழு துண்டு ஒட்டிய பிறகுதான் சக்கரம் எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. 35 கிராம்!

அப்போதுதான் சாக்பீஸ் கோட்டுக்கு நேரே ரிம்மின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். அழுக்குப் படிந்து ரிம்மின் நிறத்துக்கே மாறியிருந்த பழைய எடைகள், ஐந்து துண்டு, 25 கிராம். முந்தைய டயருக்காக ஒட்டியவை. அந்த டயர் போய்விட்டது, அதற்கான எடை மட்டும் நின்றுவிட்டது. போதாக்குறைக்கு, புது டயரின் கனமான பக்கமும் அங்கேயே வந்து உட்கார்ந்திருந்தது. பழையதைப் பிய்த்து எறிந்துவிட்டுத் திரும்பப் பார்த்தபோது எதிர்ப்பக்கம் 10 கிராம் போதுமாக இருந்தது. ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அகலத்தின் சரிநடுவில் ஒட்டினார். பிறகு எடை ஒட்டிய இடத்தைப் பக்கவாட்டில், மூன்று மணி முள் இருக்கும் திசையில் நிறுத்திக் கையை விட்டார். அசையவில்லை. ஒன்பது மணித் திசையிலும் அசையவில்லை.

அடுத்த பயணத்தில் அதே வேகத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் வந்த லாரியின் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிந்தது.

"35 கிராம் என்ன செய்துவிடும்" என்று கேட்பவர்களுக்குக் கணக்கே சொல்கிறேன். 120/70-17 டயரின் வெளி ஆரம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குக் கிட்டத்தட்ட 15 முறை சுற்றுகிறது. மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் 35 கிராம் அந்த வேகத்தில் சுமார் 6 கிலோ விசையோடு வெளியே இழுக்கும். நொடிக்கு 15 தடவை, ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே. இதே 60ல் வெறும் 2 கிலோ சொச்சம்தான். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஊருக்குள் ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் போவதற்கும், டூரிங் போகிறவருக்கு விரல் மரத்துப் போவதற்கும் இதுதான் காரணம்.

காருக்குச் செய்வது போல சுழலும் இயந்திரத்தில்தான் செய்ய வேண்டுமா என்றால், கிடைத்தால் நல்லது. இடது, வலது வித்தியாசத்தையும் அது காட்டும். ஆனால் பைக் சக்கரம் குறுகலானது; நான் சொன்ன ஸ்டாண்ட் முறையே பெரும்பாலும் போதும். பின்சக்கரத்தையும் விடாதீர்கள். அதன் நடுக்கம் கைக்கு வராமல் சீட்டிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் வரும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான் அதை அனுபவிப்பார். பேலன்சிங்குக்காக டயருக்குள் சின்னச் சின்ன உருண்டை மணிகளைப் போடுவது, திரவம் ஊற்றுவது என்றெல்லாம் வழிகள் உண்டு. நான் போடுவதில்லை. பயன்படுத்தித் திருப்தியாக இருப்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. விளம்பரத்தை விடுங்கள், டயரின் பக்கச் சுவரைப் படியுங்கள். 120/70 ஆர்17 போன்ற அளவுக்குப் பக்கத்தில் 58டபிள்யூ, 73டபிள்யூ என்று ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் சுமைக்கு: 58 என்றால் 236 கிலோ, 73 என்றால் 365 கிலோ. எழுத்து வேகத்துக்கு: வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270 கிலோமீட்டர். இவை வண்டியின் கையேட்டில் சொன்னதைவிடக் குறையக் கூடாது. "நான்தான் அவ்வளவு வேகம் போறதில்லையே" என்று சுமை எண்ணில் சமரசம் செய்யாதீர்கள். பின்னால் ஒருவரும் நிறைந்த பெட்டிகளும் ஏறினால் அந்தச் சுமையில் பெரும்பங்கு பின் டயருக்குத்தான் போகிறது. கையேட்டில் உள்ளதைவிட அகலமான டயர் பார்க்க நன்றாக இருக்கும். அதே ரிம்மில் அது நசுங்கி உட்கார்ந்து வடிவம் மாறிவிடும், வளைவில் வண்டி சாயத் தயங்கும்.

தயாரித்த தேதி, டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இரண்டு டயரிலும் நீங்களே பாருங்கள், கடைக்காரர் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ரகத்தைப் பொறுத்தவரை, உங்கள் பயணம் பெரும்பாலும் நேர்ச்சாலை என்றால் நடுவில் கடினமான ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் உள்ள இரட்டைக் கலவை டூரிங் டயரே என் தேர்வு. நடு சீக்கிரம் சப்பையாகாது, மலை வளைவில் ஓரம் பிடிக்கும். சப்பையான டயர் எப்படி இருக்கும் தெரியுமா? சாயும்போது முதலில் தயங்கி, அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழும். மழையில் அது பயங்கரம். முன்னும் பின்னும் ஒரே ரகத்தில் ஜோடியாகப் போடுங்கள், முடிந்தவரை.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். உள்ளே வரக் கூடாது என்றால், தெரிகிற தூரத்திலாவது நில்லுங்கள். பழைய எடைகளைப் பிய்க்கச் சொல்லுங்கள். வால்வைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். டயரில் வண்ணப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் அது டயரின் லேசான இடம், வால்வுக்கு நேரே வர வேண்டும். புள்ளி இல்லாத டயரும் உண்டு, அது குறையல்ல. சுழலும் திசைக்கான அம்புக்குறியைச் சரிபாருங்கள். காற்று அடித்த பிறகு, ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் உள்ளே அமுங்கியிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அதை எத்தனை கிராம் ஒட்டினாலும் சரிசெய்ய முடியாது. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி உட்கார வைக்க வேண்டும். இதற்கெல்லாம் பிறகுதான் பேலன்சிங்.

கிளம்பும் முன் பிரேக்கை நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள், சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு முதல் அழுத்தம் வெறுமையாகப் போகக்கூடும். முதல் 150 கிலோமீட்டர் திடீர் பிரேக், பெரிய சாய்வு வேண்டாம். காற்றைக் குளிர்ந்த டயரில் பாருங்கள், இருவர் போகும் அளவு வேறு.

முதல் நீண்ட பயணம் முடிந்ததும் ரிம்மின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஒட்டிய எடை இருக்க வேண்டும். சரியாகத் துடைக்காத ரிம்மில் ஒட்டியது பறந்துபோய், சதுரமாகப் பசைத் தழும்பு மட்டும் மிஞ்சியிருந்தால் அப்படியே திரும்பிப் போய் மறுபடி பேலன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள்.