நாணயம் போட்டு ஆடிய அடிதடி விளையாட்டுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆர்கேடு எனப்படும், நாணயம் போட்டு ஆடும் அரங்குகளில் நின்றபடி ஆடிய அடிதடி வீடியோ விளையாட்டுகளைப் பற்றியும், அவை வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தபோது அடைந்த மாற்றங்களைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இந்த வகை விளையாட்டுகளைத் தொடங்கிவைத்தது டபுள் டிராகன்தானா?

இல்லை. 1984இல் ஐரெம் நிறுவனம் வெளியிட்ட குங்ஃபூ மாஸ்டர் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஜப்பானில் ஜாக்கி சான் படமொன்றின் பெயரையொட்டி ஸ்பார்டன் எக்ஸ் என்று வெளியான அந்த விளையாட்டில் ஐந்து மாடிகளில் எதிரிகளை அடித்துக்கொண்டே முன்னேற வேண்டும். ஆனால் இடமும் வலமும் போகலாமே தவிர, திரையின் உள்பக்கமாக நகர முடியாது. அதை வடிவமைத்த தகாஷி நிஷியாமாதான் பிறகு கேப்காம் நிறுவனத்துக்குப் போய் 1987இல் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரை உருவாக்கினார்.

தரையில் மேலும் கீழுமாக நடக்கும் உரிமையைத் தந்தது 1986இல் டெக்னோஸ் ஜப்பான் வெளியிட்ட குனியோ-குன். மேற்கத்திய நாடுகளில் ரெனிகேட் என்ற பெயரில், பள்ளி மாணவர் சண்டையைத் தெருக் கும்பல் சண்டையாக மாற்றி அதை விற்றார்கள். அதை வடிவமைத்த யோஷிஹிசா கிஷிமோட்டோ தம் இளமைக்காலச் சண்டைகளின் நினைவுகளிலிருந்தே அதற்குக் கரு எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அவரே மறு ஆண்டு டபுள் டிராகனைக் கொண்டுவந்தார். தொடர்ந்து நகரும் தெரு, இருவர் ஒன்றாக ஆடும் வசதி, எதிரியின் கையிலிருந்து விழும் மட்டையையோ சாட்டையையோ எடுத்து அவன்மீதே வீசும் சுதந்திரம் ஆகியவை அதில் ஒன்றுசேர்ந்தன. எல்லாரையும் வீழ்த்திய பிறகு, அதுவரை தோளோடு தோள் நின்ற இருவரும் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்ள வேண்டும் என்ற முடிவு இன்றைக்கும் என்னை வியக்கவைக்கிறது. முதலாவது அது அன்று என்றாலும், இந்த வகைக்கு முழு உருவம் தந்தது அதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: ஆர்கேடில் டபுள் டிராகன் சில இடங்களில் மிகவும் மெதுவாக ஓடும். இயந்திரக் கோளாறா?

கோளாறு இல்லை. நான்கைந்து உருவங்கள் ஒரே நேரத்தில் திரைக்கு வந்தால் இயந்திரத்தின் மின்னணுப் பலகையிலுள்ள செயலிகளால் ஈடுகொடுக்க முடியாது. புத்தம் புதிய இயந்திரத்திலும் அப்படித்தான் ஓடும்.

கேள்வி: அதே டபுள் டிராகனை நின்டெண்டோவில் இருவர் சேர்ந்து ஆட முடியவில்லையே, ஏன்?

1988இல் வந்த அந்தக் கேசட்டில் இருவர் மாறி மாறித்தான் ஆட முடியும். இன்னொரு பிரிவில் ஒருவரோடு ஒருவர் தனியாக மோதலாம். கூட வரவேண்டிய தம்பி ஜிம்மியைக் கடைசி வில்லனாகவே ஆக்கிவிட்டார்கள். திரையில் ஒரே சமயத்தில் இரண்டு எதிரிகளுக்கு மேல் வருவதில்லை.

காரணத்தின் ஒரு பகுதி அந்த இயந்திரத்தில் இருக்கிறது. நின்டெண்டோவின் படச் சில்லு, நகரும் உருவங்களை எட்டுப் புள்ளி அகலமுள்ள துண்டுகளாகவே வரையும். ஒரு கிடைக்கோட்டில் எட்டுத் துண்டுகளுக்கு மேல் வரையாது. ஓர் ஆள் 16 புள்ளி அகலம் என்றால் அவருக்கு இரண்டு துண்டுகள் வேண்டும். நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எட்டும் தீர்ந்துவிடும். அவர்களில் ஒருவர் கையை நீட்டிக் குத்தினாலே ஒன்பதாவது துண்டு தேவைப்படும்; அது தெரியாமல் போகும், அல்லது உருவங்கள் மினுக்க ஆரம்பிக்கும். விண்வெளிச் சண்டை விளையாட்டில் எதிரிகள் திரை முழுவதும் சிதறிக் கிடப்பார்கள், ஆகவே இந்த வரம்பு பெரிதாகத் தொல்லை தராது. அடிதடி விளையாட்டிலோ எல்லாரும் ஒரே தரையில், ஒரே வரிசையில் வந்து நிற்பதுதான் ஆட்டமே. வீட்டு இயந்திரங்களை மிக அதிகமாகத் திணறடித்த வகை இதுவே என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் பழி முழுவதையும் இயந்திரத்தின் மீது போட முடியாது. அடுத்து வந்த டபுள் டிராகன் 2 அதே நின்டெண்டோவில் இருவரைச் சேர்த்து ஆடவைத்தது. சேகாவின் மாஸ்டர் சிஸ்டத்தில் 1988இலேயே முதல் பாகத்தை இருவர் ஆடினார்கள், மினுக்கல் நிறைய இருந்தாலும். இழந்ததற்கு ஈடாக நின்டெண்டோ பதிப்பு ஒன்றைத் தந்ததையும் சொல்ல வேண்டும்: அடிக்க அடிக்க அனுபவப் புள்ளிகள் சேர்ந்து, புதிய அடிகள் ஒவ்வொன்றாகக் கைவரும். தனியாக ஆடுபவரை மீண்டும் மீண்டும் உட்காரவைப்பதற்கு அது நல்ல வழி.

கேள்வி: ஃபைனல் ஃபைட்டின் சூப்பர் நின்டெண்டோ பதிப்பை எல்லாரும் திட்டுகிறார்கள். நான் சிறுவயதில் அதைத்தான் ஆடினேன், எனக்குப் பிடித்தே இருந்தது. உண்மையில் அது மோசமானதா?

உங்களுக்குப் பிடித்ததில் தவறே இல்லை. அதைச் செய்தவர்கள் எதைக் காப்பாற்றினார்கள் என்பதைப் பார்த்தால் எனக்கும் அதன்மேல் மதிப்பு வருகிறது. ஆனால் இழப்புகள் பெரியவை. ஆர்கேடில் கோடி (Cody), கை (Guy), ஹேகர் என்று மூன்று வீரர்கள்; அவர்களில் கை இங்கே இல்லை. இருவர் ஆட்டம் இல்லை. ரொலெண்டோ என்ற எதிரித் தலைவன் காத்திருக்கும் தொழிற்சாலைக் கட்டம் முழுவதுமே இல்லை. திரையில் ஒரே நேரத்தில் மூன்று எதிரிகளுக்கு மேல் வரமாட்டார்கள்.

1989இல் கேப்காம் அந்த விளையாட்டைத் தன் சொந்த சிபிஎஸ்-1 பலகைக்காக எழுதியது. அப்பலகை 384க்கு 224 புள்ளிகள் கொண்ட படத்தைத் தரும். சூப்பர் நின்டெண்டோ 256க்கு 224. ஆக, தெருவின் மூன்றில் ஒரு பகுதி முதலிலேயே போய்விட்டது. அடுத்து நினைவக வரம்பு. சூப்பர் நின்டெண்டோவில் நகரும் உருவங்களுக்கான படத் துண்டுகளை வைத்துக்கொள்ள எந்த நேரத்திலும் 16 கிலோபைட் இடமே உண்டு. ஓர் ஆளை 64க்கு 96 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளிக்கு அரை பைட் வீதம் அவருக்கு 3 கிலோபைட் ஆகிறது. நான்கு பேருக்கு 12. ஐந்தாவது ஆளைக் கொண்டுவந்தால் 15. மீதமுள்ள ஒரே கிலோபைட்டில் பீப்பாய், கத்தி, குழாய், இறைச்சித் துண்டு, அடிபடும்போது தெறிக்கும் ஒளி எல்லாவற்றையும் அடக்க வேண்டும். கிடைக்கோட்டு வரம்பும் அதே கணக்கைத்தான் சொல்கிறது: எட்டுப் புள்ளித் துண்டுகள் 34, அதாவது 272 புள்ளி அகலம். 64 புள்ளி அகலமுள்ள நான்கு பேர் நின்றால் 256. ஒரு வீரர், மூன்று எதிரிகள் என்று அவர்கள் நிறுத்திக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. உருவங்களைச் சிறிதாக்கியிருந்தால் இன்னும் பலரைக் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் திரையை நிறைக்கும் ஹேகரின் அந்த உடம்புதானே ஃபைனல் ஃபைட். அதை விட்டுக்கொடுக்காததைச் சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

தொழிற்சாலைக் கட்டத்தையும் கை என்ற வீரரையும் இழந்ததற்குக் காரணம் இடமும் அவசரமும். சூப்பர் ஃபாமிகாம் என்ற பெயரில் சூப்பர் நின்டெண்டோ ஜப்பானில் 1990 நவம்பரில் வந்தது. டிசம்பரிலேயே 8 மெகாபிட் கேசட்டில், அதாவது ஒரு மெகாபைட்டில், ஃபைனல் ஃபைட் கடைக்கு வந்துவிட்டது. 1992இல் கோடி என்ற வீரரை எடுத்துவிட்டு, கை என்ற வீரரைச் சேர்த்து ஃபைனல் ஃபைட் கை என்று தனியாக விற்றார்கள். அப்போதும் இருவர் ஆட முடியவில்லை. மூன்று வீரர்களும், இருவர் ஆட்டமும், தொழிற்சாலையும் ஒன்றாகக் கிடைத்தது 1993இல் சேகாவின் மெகா சிடி பதிப்பில். வண்ணங்கள் மங்கல்தான், ஆனால் குறுந்தகட்டிலிருந்து வரும் இசை அருமையாக இருக்கும். கையடக்கக் கேம் பாய் அட்வான்ஸுக்கு 2001இல் வந்த ஃபைனல் ஃபைட் ஒன்னிலும் மூவரும் உண்டு.

கேள்வி: அமெரிக்கப் பதிப்பில் சில எதிரிகளே மாறியிருக்கிறார்களாமே?

ஆம். பாய்சன், ராக்சி என்ற இரு பெண் உருவ எதிரிகளுக்குப் பதிலாக பில்லி, சிட் என்ற இரு ஆண்களை ஆங்கில சூப்பர் நின்டெண்டோ பதிப்பில் வைத்தார்கள். பெண்களை அடிக்கும் காட்சி அமெரிக்காவில் எதிர்ப்பைக் கிளப்பும் என்ற அச்சமே காரணம். முதல் கட்டத்துத் தலைவனின் பெயர் த்ராஷர் என்றும், இரண்டாம் கட்டத்துத் தலைவன் சோடமின் பெயர் கடானா என்றும் மாறின. காரை அடித்து நொறுக்கும் இடைக்கட்டத்தில் அதன் சொந்தக்காரன் கடவுளைக் கூப்பிட்டு அழுவதையும் நீக்கி, “ஐயோ என் கார்” என்று மாற்றினார்கள்.

கேள்வி: ஆர்கேடைவிட வீட்டில் நன்றாக வந்த விளையாட்டு ஏதாவது உண்டா?

சேகாவின் வீட்டு இயந்திரமான மெகா டிரைவுக்கு வந்த கோல்டன் ஆக்ஸ். படம் சற்றுக் குறைந்தாலும், ஆர்கேடில் இல்லாத கூடுதல் கட்டமும் தனிமோதல் பிரிவும் கிடைத்தன. இருவரும் சேர்ந்து ஆடலாம். ஆனால் மாஸ்டர் சிஸ்டத்தில் வந்ததில் மூன்று வீரர்களில் ஒருவரே உண்டு, ஒருவரே ஆடலாம்.

கேள்வி: இப்போது கணினியில் ஆர்கேடு விளையாட்டுகளை எண்ணற்ற நாணயங்களோடு ஆட முடிகிறது. ஒரே மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன், ஆனால் அன்றிருந்த ருசி இல்லை. வயதாகிவிட்டதுதான் காரணமா?

வயது காரணமில்லை. நாணயம் அந்த விளையாட்டுகளின் விதிகளில் ஒன்று. அதை எடுத்துவிட்டு ஆடுகிறீர்கள்.

ஃபைனல் ஃபைட்டில் குத்தும் தாவலும் சேர்த்து அழுத்தினால் சுற்றி நிற்கும் எல்லாரையும் வீழ்த்தும் அடி ஒன்று உண்டு. அது பட்டால் உங்கள் உயிர்க்கோட்டிலிருந்தே சிறிது குறையும். பையில் ஒரே நாணயம் உள்ளவருக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு: இப்போது இந்த விலையைக் கொடுத்துத் தப்பிப்பதா, பொறுத்திருந்து பக்கவாட்டில் நழுவுவதா? நாணயத்துக்கு முடிவே இல்லாதவருக்கு அந்தப் பொத்தானில் யோசிக்க ஒன்றுமில்லை. பீப்பாயை உடைத்தால் கிடைக்கும் இறைச்சியும் அப்படியே. அதை இப்போதே எடுப்பதா, கூட ஆடுபவருக்கு விட்டுக்கொடுப்பதா என்ற பேச்சுவார்த்தையில்தான் நட்பே வளர்ந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரங்கு நடத்துபவர், இயந்திரத்தின் உள்ளே பலகையிலுள்ள சிறு சுவிட்சுகளைத் தட்டிக் கடினத்தையும் உயிர்களின் எண்ணிக்கையையும் மாற்றிவைக்க முடியும். ஓர் அரங்கில் எளிதாக முடித்தவர் இன்னோர் அரங்கில் இரண்டாம் கட்டத்தைத் தாண்டமாட்டார்.

வீட்டுக்கென்றே முதலிலிருந்து சிந்தித்துச் செய்த விளையாட்டுகள் இந்தச் சிக்கலை நேராகவே எதிர்கொண்டன. 1991இல் சேகா மெகா டிரைவுக்காகச் செய்த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜில் உயிர்களுக்கும் தொடர்வதற்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. முடிவில் வில்லன் இருவரையும் தன் பக்கம் சேரும்படி கேட்பான். ஒருவர் ஒப்புக்கொண்டு மற்றவர் மறுத்தால் இருவரும் மோதிக்கொள்ள வேண்டும். டபுள் டிராகனின் அந்த முடிவு, இங்கே ஆடுபவரின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிட்டது. யூசோ கோஷிரோவின் இசை, அதற்குமுன் அந்த இயந்திரத்திலிருந்து யாரும் எதிர்பாராத தாளத்தோடு இருந்தது. ஆர்கேடின் நகலாக இல்லாமல் வீட்டுக்கு உரிய விளையாட்டாக நின்றதே அதன் பெருமை.

நீங்கள் மூன்று நாணயங்கள் என்று வரம்பு வைத்துக்கொண்டு ஃபைனல் ஃபைட்டை ஆடிப் பாருங்கள். முதல் நாள் இரண்டாம் கட்டத்தில் நின்றுபோவீர்கள்; மறுநாள் ஆட ஆசை வரும்.

கேள்வி: நாங்கள் முஸ்தபா என்று அழைத்த டைனோசர் விளையாட்டு ஏன் எந்த வீட்டு இயந்திரத்துக்கும் வரவில்லை?

அதன் முழுப்பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். கேப்காம் 1993இல் வெளியிட்டது. ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் என்ற நால்வரில் வேகமானவர் முஸ்தபா; பலரும் அவரையே எடுத்ததால் அவர் பெயரே விளையாட்டின் பெயராக நம் ஊர்களில் நிலைத்துவிட்டது.

கதையும் பாத்திரங்களும் கேப்காமுக்குச் சொந்தமில்லை. மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த செனோசோயிக் டேல்ஸ் என்ற சித்திரக்கதையிலிருந்து உரிமம் வாங்கிச் செய்தார்கள். தலைப்பிலோ ஒரு கார் நிறுவனத்தின் வணிகப் பெயரும் இருக்கிறது. இப்படி உரிமம் வாங்கிச் செய்தவற்றை மீண்டும் வெளியிட, சம்பந்தப்பட்டவர்களிடம் புதிதாகப் பேசி முடிக்க வேண்டும். அதே பெயரில் 1994இல் சேகா சிடிக்கு (மெகா சிடியின் அமெரிக்கப் பெயர்) வந்தது வேறொரு நிறுவனம் செய்த கார் ஓட்டும் விளையாட்டு. இதற்கும் அதற்கும் கதையைத் தவிர உறவில்லை.

அசல் பலகைக்கு இன்னொரு துயரமும் உண்டு. கியூசவுண்ட் என்ற அதன் ஒலிப்பகுதியின் செயலி மறையாக்கப்பட்ட கட்டளைகளைப் படிக்கிறது. அதைத் திறக்கும் சாவி, ஒரு சிறு பேட்டரியின் மின்சாரத்தில்தான் நினைவில் நிற்கிறது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழிந்து, பலகை முடங்கிவிடும். இந்த அழகான விளையாட்டை இன்றுவரை உயிரோடு வைத்திருப்பவர்கள், அத்தகைய பலகைகளைப் பொறுமையாகப் பழுதுபார்த்துத் தரும் ஆர்வலர்கள்தான். அவர்களுக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன்.

கேள்வி: ஆறு பேர் ஆடும் இயந்திரம் இருந்தது உண்மையா?

உண்மை. கொனாமி 1992இல் வெளியிட்ட எக்ஸ்-மென். இரண்டு திரைகளின் படத்தை ஒன்றாக இணைத்து நீளமான ஒரே காட்சியாகக் காட்டும். வீட்டுக்கு அது வந்ததே 2010இல்தான்.

கேள்வி: இத்தனை புகழோடு இருந்த வகை ஏன் மறைந்தது?

1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 முதன்மைக் காரணம். ஃபைனல் ஃபைட்டில் கைதேர்ந்த ஒருவர் ஒரே நாணயத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் இயந்திரத்தைப் பிடித்துக்கொள்வார். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் இரண்டு பேர் மோதினால் சில நிமிடங்களில் ஒருவர் தோற்பார், அடுத்தவர் நாணயத்தோடு காத்திருப்பார். அரங்கு நடத்துபவர் எதை வாங்குவார் என்று சொல்ல வேண்டியதில்லை. அகிரா நிஷிதானி, அகிரா யசுதா இருவரும் இரண்டு விளையாட்டுகளிலும் முக்கியப் பங்கு வகித்தவர்கள் என்பதும், ஃபைனல் ஃபைட்டுக்கே முதலில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ’89 என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பதும் நினைவில் வைக்கத்தக்கவை.

கேள்வி: என் பிள்ளைகளோடு இவற்றை ஆட விரும்புகிறேன். எதில் தொடங்கலாம்?

கேப்காம் 2018இல் வெளியிட்ட பீட் எம் அப் பண்டில் ஏழு விளையாட்டுகளைத் தருகிறது. ஃபைனல் ஃபைட், கேப்டன் கமாண்டோ, நைட்ஸ் ஆஃப் தி ரவுண்ட் எல்லாம் அதில் ஆர்கேடு வடிவிலேயே உள்ளன. வீட்டில் ஒருபோதும் கிடைக்காமலிருந்த ஆர்மர்டு வாரியர்ஸும் பேட்டில் சர்க்யூட்டும் அதில்தான் முதன்முதலாக வந்தன. சிறு பிள்ளைகள் என்றால் நிஞ்சா டர்டில்ஸ் விளையாட்டுகளைத் தொகுத்து 2022இல் வந்த கவபங்கா கலெக்ஷன் பொருந்தும். புதிதாகச் செய்தவற்றில் 2020இன் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4ஐ நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். நான்கு பேர் ஒரே திரையில் ஆடலாம்.

கேள்வி: ஃபைனல் ஃபைட்டின் இரண்டாம் கட்டத்தில் சோடமிடம் எப்போதும் தோற்கிறேன். வழி சொல்லுங்கள்.

அவன் நிற்கும் கிடைக்கோட்டில் நிற்காதீர்கள். பாய்ந்து வருவதற்கு அவனுக்கு நேரான பாதை வேண்டும்; நீங்கள் ஓரடி மேலேயோ கீழேயோ விலகினால் அந்தப் பாய்ச்சல் வீணாகும். அவன் கடந்து போய்த் திரும்பும் நொடியில் சாய்வாக நெருங்கி, இரண்டு குத்தோடு நிறுத்தி மீண்டும் விலகுங்கள். இடையில் ஓடிவரும் அடியாட்களைத் திரையின் ஒரே பக்கமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் ஆள் இருக்கும்படி விட்டால்தான் அந்த விலை கொடுக்கும் அடியைப் போட வேண்டிவரும்.