இசைத்தட்டு கேள்வி பதில்: முதலில் ஸ்பிரிங், பிறகு சப்-சேஸிஸ்

கேள்வி: அப்பா காலத்துத் தோரன்ஸ் டிடி 160 டர்ன்டேபிள் என்னிடம் இருக்கிறது. நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் கச்சேரி இசைத்தட்டுகளில் மிருதங்கம் கனமாக ஒலிக்கும் இடங்களில் பாட்டு மங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் தகட்டு சப்-சேஸிஸை எடுத்துவிட்டு அலுமினியத்தில் ஒன்று செய்து போட்டால் தெளிந்துவிடும் என்கிறார் நண்பர். செலவு செய்யலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: செய்யலாம். ஆனால் இப்போது வேண்டாம். நண்பர் சொல்வதில் தவறில்லை, வரிசைதான் தவறு.

சப்-சேஸிஸுக்கு என்ன வேலை என்று முதலில் பார்த்துவிடுவோம். இசைத்தட்டை வைக்கும் சுழல்தட்டு பிளாட்டர்; அதைத் தாங்குவது பேரிங். முள் பொருத்திய கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை டோன் ஆர்ம். இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துவைத்திருப்பது சப்-சேஸிஸ். மெல்லிய இசைப் பகுதிகளில் இசைத்தட்டுப் பள்ளத்தின் நெளிவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பேரிங்குக்கும் ஆர்முக்கும் நடுவே இருக்கும் உலோகம் அந்த அளவுக்கு அதிர்ந்தாலே போதும், கார்ட்ரிட்ஜ் அதையும் இசை என்று எடுத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பிவிடும். எந்த ஆம்ப்ளிஃபயராலும் பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது.

1961இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் தமது ஏஆர் டர்ன்டேபிளில் பேரிங்கையும் ஆர்மையும் ஒரே உலோகச் சட்டத்தில் (அதுதான் சப்-சேஸிஸ்) பூட்டி, அந்தச் சட்டத்தை மூன்று ஸ்பிரிங்குகளில் மிதக்கவிட்டார். மோட்டார் மேல்தகட்டோடு நின்றுவிட்டது. இரண்டுக்கும் இடையே இருந்த இணைப்பு ஒரு ரப்பர் பெல்ட் மட்டும்தான். 1965இல் வந்த தோரன்ஸ் டிடி 150, பின்னர் வந்த உங்கள் 160, ஸ்காட்லாந்தின் லின் எல்பி12 எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். சட்டம் விறைப்பாக இருக்க வேண்டும், ஸ்பிரிங் சுதந்திரமாக ஆட வேண்டும். முதலாவதற்குப் பணம் வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமை போதும். என்னிடம் வரும் பழைய தோரன்ஸ்களில் பெரும்பாலானவற்றில் கெட்டிருப்பது இரண்டாவதுதான்.

சோதிப்பது எளிது. ரசமட்டம் வைத்துப் பெட்டியைச் சமப்படுத்துங்கள். பெல்ட், ரப்பர் மேட், இசைத்தட்டு எல்லாம் இருக்கட்டும். மையக் கம்பிக்கு அருகே விரலால் மெல்ல அழுத்தி விடுங்கள். பிளாட்டரும் ஆர்மும் ஒன்றாக, செங்குத்தாக ஏறி இறங்கி மெதுவாக அடங்க வேண்டும். பக்கவாட்டில் அசைந்தாலோ, இரண்டு ஆட்டத்தில் சட்டென்று நின்றாலோ எங்கோ இடிக்கிறது என்று பொருள். அடிமூடியைக் கழற்றிவிட்டு, கை நுழையும்படி பெட்டியை இரு பக்கமும் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். மூன்று ஸ்பிரிங்குகளின் நட்டுகளையும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, பிளாட்டரின் விளிம்பு மேல்தகட்டிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். 160இன் ஸ்பிரிங்குகள் கூம்பு வடிவம். அவற்றை இருந்த இடத்திலேயே சற்றுச் சுழற்றி வைத்தால் பக்கவாட்டு இழுப்பு திசை மாறும். மூன்றின் இழுப்பும் ஒன்றையொன்று சமன்செய்யும் நிலை வரும்வரை விடாதீர்கள்.

அடுத்து ஆர்மிலிருந்து வரும் ஒயர். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. தோரன்ஸ் கொடுத்தது தலைமுடி போன்ற மெல்லிய ஒயர். அது தளர்வாக ஒரு வளைவு வளைந்து, அடியில் இருக்கும் இணைப்புக்குப் போகும். ஒலி நன்றாக வரும் என்று நம்பி, யாராவது அதை எடுத்துவிட்டுச் சுண்டுவிரல் கனத்துக் கேபிளை நேராக ஆர்மில் பற்றவைத்திருப்பார்கள். அந்தக் கேபிள் நான்காவது ஸ்பிரிங்காக மாறி, சட்டத்தை ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் பெட்டியில் அப்படி இருந்தால் மெல்லிய ஒயரைத் திரும்பப் போடுங்கள். மிருதங்கத்தின் தொப்பி ஓசை பரவிப்போய்ப் பாட்டை மூடாமல், அடித்த இடத்தில் எழுந்து அங்கேயே முடியும். உங்கள் மனக்குறையில் பாதிக்கும் மேல் இதிலேயே தீரும் என்று நினைக்கிறேன்.

இத்தனையும் செய்த பிறகும் போதவில்லை என்றால் சப்-சேஸிஸுக்கு வாருங்கள். கழற்றிய தகட்டை ஒரு கையில் தூக்கிப் பிடித்து விரல்கணுவால் தட்டிப் பாருங்கள். மணி மாதிரி ஒலிக்கும். கார் கதவுக்குள் ஒட்டும் தார் ஷீட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி அதன் அடியில் ஒட்டினால் அந்த ஒலி செத்துவிடும். செலவு சொற்பம். புதிதாக அலுமினியத்தில் செய்வதென்றால் பட்டறையில் இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பேரிங் துளையும் ஆர்மைப் பொருத்தும் பலகையின் இடமும் பழைய தகட்டில் இருக்கும் அதே தூரத்தில் அமைய வேண்டும். எடையும் பழைய தகட்டை ஒட்டியே இருக்க வேண்டும். கனமாக இருந்தால் நல்லது என்ற நம்பிக்கை இங்கே உதவாது. ஆட்டம் வினாடிக்கு நான்கு முறை என்றால், தாங்கும் எடையில் ஸ்பிரிங் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்கியிருக்கிறது என்று கணக்கு. பிளாட்டர் மட்டுமே 3.2 கிலோ. மிதக்கும் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் சட்டம் இன்னும் மூன்று மில்லிமீட்டர் இறங்கும். அந்தப் பெட்டிக்குள் இறங்க அவ்வளவு தாராளமாக இடம் கிடையாது.

கேள்வி: லின் எல்பி12 வைத்திருக்கிறேன், 1980களின் தயாரிப்பு. பேரிங்கும் பழையதுதான். கீல் சப்-சேஸிஸ் வாங்குவதா, அந்தப் பணத்தில் நல்ல கார்ட்ரிட்ஜ் வாங்குவதா? வீட்டில் யாராவது நடந்தால் முள் துள்ளுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். (வாசகர், டொரன்டோ)

பதில்: கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் வீட்டுத் தரை மரமாகத்தான் இருக்கும். அது காலடிக்கு ஆடும் வேகமும் லின்னின் ஸ்பிரிங் ஆடும் வேகமும் அருகருகே இருப்பதால் ஒன்று மற்றொன்றைத் தூண்டிவிடுகிறது. கீல் இதைத் தீர்க்காது. சுவரில் அறையும் இலேசான தட்டு ஒன்று வாங்கி அதன் மேல் வையுங்கள்.

லின் நிறுவனத்தின் கீல் 2006இல் வந்தது. பழைய எல்பி12இல் அழுத்தி எடுத்த எஃகுச் சட்டமும், அதில் திருகாணியால் பிடித்த மரத்தூள் பலகையும், அதன் மேல் ஆர்மின் வளையமும் தனித்தனியாக இருந்தன. கீலில் இவை மூன்றையும் ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்துவிட்டார்கள். தளர்வதற்கு இணைப்பே இல்லை. பேரிங்குக்கும் ஆர்முக்கும் நடுவே எதுவும் அசையக்கூடாது என்பதை இவ்வளவு முழுமையாகச் செய்தவர்கள் குறைவு. அந்த வேலைப்பாட்டின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. விலையும் அதற்கேற்றபடிதான். அதே நிறுவனத்தின் கோர், விலை குறைந்த அலுமினியச் சட்டம்; பெரும்பாலான காதுகளுக்கு அதுவே நிறைவு தரும்.

ஆனால் பேரிங் பழையது என்கிறீர்கள். அதை 1993இல் வந்த சர்க்கஸ் பேரிங்குக்காவது மாற்றாமல் கீலில் பணம் போடாதீர்கள். முள் தேய்ந்திருந்தால் அதற்கும் முன்பாக முள்ளை மாற்றுங்கள், தேய்ந்த முள் இசைத்தட்டையே அறுத்துவிடும். சட்டமா கார்ட்ரிட்ஜா என்றால், முள் நன்றாக இருக்கும்வரை நான் சட்டத்தின் பக்கம். பொருத்தும் வேலையை லின்னுக்குப் பழகிய கையிடம் கொடுங்கள்.

கேள்வி: என்னுடையது ரீகா பிளானர் 3. இதற்கும் சப்-சேஸிஸ் மாற்றலாமா? ஸ்பிரிங் வைத்த கால்கள் விற்கிறார்கள், வாங்கலாமா? (வாசகி, சென்னை)

பதில்: உங்கள் ரீகாவில் சப்-சேஸிஸ் கிடையாது. அது குறை அல்ல, வேறொரு வழி. சட்டத்தை மிதக்கவிடாமல், அடிப்பலகையையே இலேசாகவும் விறைப்பாகவும் செய்துவிடுவது அவர்கள் கொள்கை. 2016 மாடலாக இருந்தால் பேரிங்கையும் ஆர்மையும் இணைக்கும் விறைப்பான பட்டையைப் பலகையின் மேலும் கீழும் பார்க்கலாம். வில்ச்சரின் சட்டம் செய்த அதே வேலைதான். இதற்கு ஸ்பிரிங் கால்கள் வேண்டாம். மாற்ற ஆசையாக இருந்தால், கண்ணாடி பிளாட்டருக்கு அடியில் பெல்ட் ஓடும் சிறு தட்டை அலுமினியத்தில் வாங்கிப் போடுங்கள். அதைவிடவும் முக்கியம், டர்ன்டேபிள் நிற்கும் இடம். கனத்த அலமாரி வேண்டாம். இலேசான, ஆடாத சிறு மேசை போதும். ஸ்பீக்கரை அதே மேசையில் வைக்காதீர்கள்.